உதிரிப்பாகம் யார் கையில்?

வாசகர் ஒருவர் கேட்டது, 2025 ஜனவரி 11

அமெரிக்காவில் ஓடிய ட்ராம்களை எல்லாம் ஜெனரல் மோட்டோர்ஸ் விலைக்கு வாங்கி, தண்டவாளத்தைப் பிடுங்கி எறிந்து, சனத்தைக் கார் வாங்க வைத்தது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்களுக்கும் இப்போது ரயில் இல்லை. இதுவும் அதே கதைதானா? எங்கள் தெருவும் வீட்டுச் சாமானும் பெரிய கொம்பனிகள் நினைத்தபடிதான் அமைகின்றனவா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

2025 ஜனவரி 12

பாதி உண்மை. நான் கார் திருத்திச் சாப்பிடுகிறவன். 26 வருடமாக ஸ்காபரோவில் ஒரு கராஜில் நிற்கிறேன். அதற்காகக் கார்க்காரனுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

நஷனல் சிட்டி லைன்ஸ் என்று ஒரு பஸ் கொம்பனி 1936 இல் அமெரிக்காவில் பதிவானது. பிறகு அதற்குப் பணம் போட்டவர்கள் ஜெனரல் மோட்டோர்ஸ், ஃபயர்ஸ்டோன் ரயர், கலிபோர்னியா ஸ்டாண்டர்ட் ஒயில், பிலிப்ஸ் பெற்றோலியம், மக் லொறி. பஸ் செய்கிறவன், ரயர் செய்கிறவன், எண்ணெய் விற்கிறவன் எல்லாரும் ஒரே வீட்டில். ஊர் ஊராக, ஏற்கெனவே நொடிந்துகொண்டிருந்த ட்ராம் கொம்பனிகளை வாங்கிப் பஸ் விட்டார்கள். லொஸ் ஏஞ்சலிஸின் சிவப்பு ட்ராம்களும் அப்படித்தான் போயின. 1949 இல் சிகாகோவில் வழக்கு முடிந்தது. கொம்பனிகளுக்குத் தலா 5,000 டொலர் தண்டம். ஜெனரல் மோட்டோர்ஸின் பொருளாளருக்கு 1 டொலர்.

எந்தக் குற்றத்துக்கு என்பதைத்தான் பார்க்க வேண்டும். ட்ராமை ஒழித்ததற்காக அவர்களைத் தண்டிக்கவில்லை. பஸ், எரிபொருள், ரயர் எல்லாம் எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்று கட்டிப்போட்டதற்காகத் தண்டித்தார்கள். ஊர்களின் போக்குவரத்தையே கைப்பற்றச் சதி செய்தார்கள் என்ற மற்றக் குற்றச்சாட்டில் விட்டுவிட்டார்கள். காணொளிகளில் இந்த வித்தியாசம் வருவதில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. எங்களிடம் மட்டும்தான் வாங்கலாம் என்ற அந்தச் சுவரில்தான் நான் கராஜில் தினமும் முட்டுகிறேன்.

2025 ஜனவரி 13

நேற்று எழுதியதில் பிழை. நஷனல் சிட்டி லைன்ஸ் 1945 இல் கைக்கொண்டது நகரத்துக்குள் ஓடிய மஞ்சள் ட்ராமை. ஊருக்கு ஊர் ஓடிய சிவப்பு ட்ராம் வேறு, பசிபிக் எலெக்ட்ரிக் என்பவர்களுடையது. சிவப்பு 1961 இல் நின்றது, மஞ்சள் 1963 இல். நிற்கும்போது இரண்டையுமே அரசு அமைப்பு ஒன்றுதான் ஓட்டிக்கொண்டிருந்தது. திருத்திய நண்பருக்கு நன்றி.

இன்னொன்று. அந்தச் சிவப்பு ட்ராமை 1901 இல் தொடங்கிய ஹென்றி ஹண்டிங்டன் காணி வியாபாரி. வெறுங்காணியை மலிவாக வாங்குவார், அதற்குத் தண்டவாளம் போடுவார், பிறகு துண்டு துண்டாக விற்பார். ஆயிரம் மைலுக்கு மேல் தண்டவாளம் அப்படித்தான் வந்தது. காணி விற்று முடிந்த பிறகு, ட்ராமை நட்டத்தில் ஓட்ட அந்தக் கொம்பனிக்குக் காரணம் இல்லாமல் போனது. ஆகவே நல்ல ட்ராமைக் கெட்ட கார்க்காரன் கொன்றான் என்று கதை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லொஸ் ஏஞ்சலிஸ் பரந்து விரிந்து கிடப்பதற்கு முதல் கோடு போட்டதே ட்ராம்தான்.

2025 ஜனவரி 18

ஸ்காபரோ ரயிலைப் பற்றி இருவர் கேட்டிருக்கிறீர்கள். இது எனக்குக் கிட்டிய விஷயம். மனைவி ஸ்காபரோ டவுன் சென்ரரில் ஒரு கடையில் வேலை. 2023 ஜூலை வரை கெனடி நிலையத்தில் ஏறி ஆறு நிலையத் தடத்தில் பத்து நிமிடத்தில் போய் இறங்குவார்.

இந்தத் தடத்தை முதலில் ட்ராம் தடமாகத்தான் திட்டமிட்டார்கள், டவுன்டவுனில் ஓடும் அதே வகை. அதற்கான வேலையும் தொடங்கியாயிற்று. அப்புறம் 1981 இல் ஒன்ராறியோ மாகாண அரசு தலையிட்டு, தன்னுடைய கொம்பனி செய்த புது வகை ரயிலைப் போட வைத்தது. யு.டி.டி.சி. என்று அந்தக் கொம்பனிக்குப் பெயர். உலகமெங்கும் விற்க ஒரு ரயில் செய்திருந்தார்கள். சொந்த ஊரில் ஓடாத ரயிலை வெளியூர்க்காரன் வாங்குவானா? அதனால் ஓட்டிக் காட்ட ஒரு தடம் வேண்டியிருந்தது. எங்கள் தடம் அதற்கு அகப்பட்டது.

அந்த ரயிலின் எஞ்சின் சங்கதி அழகானது. மோட்டார் என்றால் சுழலும் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். இதில் மோட்டாரை வெட்டிப் பிரித்துத் தட்டையாக வண்டிக்கு அடியில் படுக்க வைத்திருந்தார்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் அலுமினியத் தகடு போட்ட மூன்றாவது தண்டு. மோட்டாருக்கும் அந்தத் தகட்டுக்கும் இடையிலுள்ள காந்த இழுவையில் வண்டி ஓடும். சில்லைச் சுழற்றுவதற்கு மோட்டாரே இல்லை. முதல்முறை குனிந்து பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. செய்தவர்கள் கெட்டிக்காரர்கள்.

1985 மார்ச்சில் தடம் திறந்தது. 1986 இல் மாகாணம் யு.டி.டி.சி.யை லவாலின் என்ற கொம்பனிக்கு விற்றது. லவாலின் நொடிந்ததும் 1990களின் தொடக்கத்தில் பொம்பார்டியர் கைக்குப் போனது. 2021 இல் பொம்பார்டியரின் ரயில் பகுதியை அல்ஸ்ரொம் வாங்கியது. எங்கள் பெட்டிகள் மொத்தம் 28. அந்த 28 பெட்டிக்காக எந்தக் கொம்பனி 1980களின் பாகத்தை அச்சில் வைத்திருக்கும்? 25 வருடத்துக்குச் செய்த பெட்டிகள் 38 வருடம் ஓடின.

இதில் என்னை மிகவும் உறுத்துவது ஒரு வளைவு. அதே வகை ரயிலின் அடுத்த தலைமுறைப் பெட்டிகளை வாங்கிப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். எலஸ்மியர் நிலையத்துக்கு அப்பால் ஒரு சுரங்க வளைவு. பழைய குட்டைப் பெட்டி திரும்பும், புதிய நீளப் பெட்டி திரும்பாது. அந்த மூலையை இடித்துக் கட்டாமல் புதுப் பெட்டியை இறக்க முடியாது என்றாயிற்று.

2023 ஜூலை 24 மாலை கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது. ஐந்து பேருக்குக் காயம், உயிர் போகவில்லை. நடுவில் கிடந்த அந்தத் தண்டைப் பிடித்த ஆணிகள் தளர்ந்து, அது மேலெழுந்து மோட்டாரில் இடித்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. எப்படியும் அந்த நவம்பரில் மூட இருந்தார்கள். திரும்ப ஓட விடவே இல்லை.

2025 ஜனவரி 19

"யு.டி.டி.சி. அரசுக் கொம்பனி, பிறகு எப்படி இது பெரிய முதலாளி கதை?" என்று ஒரு தம்பி மேலே கேட்கிறார். சரியான கேள்வி.

ஏறி இறங்குகிறவருக்கு எது வேண்டும் என்பதை வைத்து அந்தத் தடம் தீர்மானிக்கப்படவில்லை. விற்கிறவனுக்கு எதை விற்க வேண்டியிருந்தது என்பதை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது. விற்பவன் அரசாக இருந்தாலும் அது விற்பவன் புத்திதான். பிறகு விற்பவன் கடையை விற்றுவிட்டுப் போகிறான். வாங்கிய ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

1971 இல் ரொறன்ரோவில் கட்டிக்கொண்டிருந்த ஸ்பாடைனா நெடுஞ்சாலையை நிறுத்தி, நகரம் காருக்கா மனிதருக்கா என்று கேட்டவர் ஒன்ராறியோ முதல்வர் வில்லியம் டேவிஸ். அந்த நெடுஞ்சாலைக்குப் பதிலாக அவர் தேடிப் போனது ஜெர்மனியின் க்ராவுஸ்-மாஃபை கொம்பனியின் காந்த மிதவை ரயிலை. 1974 இல் ஜெர்மன் அரசு பணத்தை நிறுத்த, அது கவிழ்ந்தது. அதற்குப் பின் யு.டி.டி.சி. செய்ததுதான் எங்கள் ரயில். நல்ல மனதோடு தொடங்கியதை நான் மறுக்கவில்லை. பழைய ட்ராம் போதும் என்று சொல்ல அன்றைய அரசில் யாருக்கும் துணிவு வரவில்லை.

அந்தத் துணிவு டவுன்டவுன் சனத்திடம் இருந்தது. 1980க்குள் ட்ராமை முழுக்க எடுத்துவிடுவது என்று 1966 இல் முடிவாகியிருந்தது. ஊர்ச்சனம் குழு அமைத்துச் சண்டை பிடித்து 1972 நவம்பரில் அதை மாற்றியது. வட அமெரிக்காவில் இன்று பெரிய ட்ராம் வலை ரொறன்ரோவில் இருப்பதற்கு அவர்கள்தான் காரணம்.

2025 ஜனவரி 26

இன்று மனைவியைக் கூட்டிவரப் போனபோது தெருவைப் பார்த்துக்கொண்டே போனேன். வழியெல்லாம் யோசனை.

ஸ்காபரோவின் பெரிய தெருக்கள் ஏன் இவ்வளவு தூரத்துக்கு ஒன்று? கார்க்காரன் வேலை என்றுதான் நானும் கனகாலம் நினைத்தேன். அது பிழை. 1793 இல் காணி அளந்தவர்கள் நூறு சங்கிலிக்கு ஒரு தெரு விட்டார்கள். இன்றைய கணக்குக்கு இரண்டு கிலோமீற்றர். தெருவுக்கு விட்ட அகலம் ஒரு சங்கிலி, 66 அடி. மாட்டு வண்டிக் காலத்துக் கோடு. அதன்மேல்தான் பிறகு ஆறு ஏழு வழி அகலித்தார்கள்.

எக்ளிங்டன் தெருவில் கோல்டன் மைல் என்ற பகுதியை எடுங்கள். யுத்த காலத்து வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த இடம், 1950களில் தொழிற்பேட்டை ஆனது. ஜெனரல் மோட்டோர்ஸின் வான் வாகனத் தொழிற்சாலையும் அங்கேதான் இருந்தது, 1993 இல் மூடினார்கள். நான் 1998 இல் வந்தபோது, அங்கே முன்பு வேலை செய்த ஒரு பெரியவர் எங்கள் கராஜுக்குத் தேநீர் குடிக்க வருவார். தொழிற்சாலை போனதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். கொம்பனி போன பிறகு அந்த நிலத்தில் பெட்டி வடிவப் பெருங்கடைகள் வந்தன, கடையைவிடப் பெரிய கார் தரிப்பிடத்தோடு. அதுவும் கார்க்காரன் நேரடியாகச் செய்ததல்ல. இத்தனை சதுர அடிக் கடைக்கு இத்தனை தரிப்பிடம் என்று நகரசபை விதி வைத்திருந்தது. அந்த விதியில் பெரும்பகுதியை ரொறன்ரோ 2021 டிசம்பரில்தான் எடுத்தது. அதற்குள் எங்கள் பிளாசாக்கள் எல்லாம் கட்டி முடிந்து, நடந்து போகிறவர் தார் வெளியைக் கடந்து கடைக்குள் போகும்படி ஆகிவிட்டது.

2025 ஜனவரி 27

நேற்றைய குறிப்பை வாசித்த ஒருவர், "அப்ப யாரையும் குறை சொல்ல ஏலாதா அண்ணை?" என்று கேட்டார். ஏலும். யார் எதைச் செய்தார் என்று பிரித்துப் பார்த்துக் குறை சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரு கொம்பனியின் தலையில் போட்டால், விதியை எழுதிய நகரசபைக்காரர் தப்பிப் போய்விடுவார். அவரிடம்தான் எங்களுக்கு வாக்கு இருக்கிறது.

2025 பெப்ரவரி 2

வன்கூவரில் இருக்கும் அக்கா ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அதே யு.டி.டி.சி. ரயில்தான் அங்கே ஸ்கைட்ரெயின் என்று 1985 முதல் ஓடுகிறது, நீட்டிக்கொண்டே போகிறார்கள், நல்லாக ஓடுகிறது, நீங்கள் பொருளைக் குறை சொல்லக் கூடாது என்கிறார்.

அவர் சொல்வது சரி. ஜனவரி 18 குறிப்பில் நான் பொருளையே பழித்தது போல் வந்துவிட்டது. வன்கூவர் தடத்தை நீட்டியது, புதுப் பெட்டி வாங்கிக்கொண்டே இருந்தது. வாங்குகிறவன் இருந்தபடியால் செய்கிறவனும் இருந்தான். கோலாலம்பூரில் கிளானா ஜெயா தடமும் அந்த வகைதான், 1998 இல் வந்தது. பிரிக்பீல்ட்ஸுக்குப் போகிற எங்கள் சனம் கே.எல். சென்ட்ரலில் இறங்குவது அந்த ரயிலில்தான்.

ஆகவே என் கணக்கைத் திருத்துகிறேன். புது வகை ரயில் வாங்கியதைவிட, அதை 28 பெட்டியோடும் ஆறு நிலையத்தோடும் விட்டதுதான் எங்களைக் கெடுத்தது. ஒரே கொம்பனிப் பொருளை வாங்குவதென்றால், அந்தக் கொம்பனி உங்களை மறக்க முடியாத அளவுக்கு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் எவனும் செய்யக்கூடிய பொருளாக வாங்க வேண்டும். நாங்கள் இரண்டும் செய்யவில்லை.

2025 பெப்ரவரி 17

கிழமை முழுக்கப் பனி. அம்மாவுக்கு 79 வயது. நடைபாதை ஓரத்தில் தெரு வழித்த பனி இடுப்பளவுக்குக் குவிந்து கிடக்கிறது. பஸ் நிற்கும் இடத்தில் ஏற வழி இல்லை. தெருவைத் துப்புரவாக வழித்திருக்கிறார்கள், கார் வழுக்காமல் போகிறது. நான் மண்வாரியைக் கொண்டுபோய் பஸ் தரிப்பில் ஒரு வாசல் வெட்டிவிட்டு வந்தேன்.

ரயில் இருந்தபோது பனிக்கு அதுவும் நின்றது என்று யாரோ சொல்லுமுன் நானே சொல்கிறேன். நின்றது, பல தடவை.

அம்மா தெருவைக் கடக்கும்போது சிக்னல் எண் முடியும்போதும் நடுவில்தான் நிற்பார். கார்க்காரன் ஹோர்ன் அடிப்பான். அம்மா எனக்குச் சொல்வது, "நான்தான் பிந்திட்டன்." அந்தச் சொல் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. தெருவில் மனிதர் பிந்துகிறார் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் 1920கள் வரை தெரு எல்லாருக்கும் பொது. பிள்ளைகள் விளையாடுவார்கள், வண்டி விலகிப் போகும். கார் வந்து ஆட்களை, அதிலும் பிள்ளைகளை, அடித்துக் கொல்லத் தொடங்கியது. சின்சினாட்டியில் 42,000 பேர் கையெழுத்திட்டார்கள். 25 மைலுக்கு மேல் ஓடாதபடி எல்லாக் காரிலும் ஒரு கருவி பூட்ட வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. 1923 இல் வாக்கெடுப்பு. கார் விற்பவர்கள் எல்லாரும் சேர்ந்து பணத்தைக் கொட்டிப் பிரசாரம் செய்து தோற்கடித்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தத் தொழில் பாதசாரியைக் குறை சொல்லத் திரும்பியது. தெருவைக் கண்டபடி கடக்கிறவனுக்கு "ஜே" என்று பட்டம் கட்டினார்கள், பட்டிக்காட்டான் என்று அர்த்தம். 1925 இல் லொஸ் ஏஞ்சலிஸ் போட்ட தெரு விதி மற்ற நகரங்களுக்கு மாதிரி ஆனது. அதை வரைந்த நிபுணருக்குப் பின்னால் ஸ்டூடிபேக்கர் கார் கொம்பனியின் பணம் இருந்தது.

நூறு வருடத்துக்கு முதல் பணம் கொடுத்துச் செய்த பிரசாரம், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்த என் அம்மாவின் வாயில் "நான்தான் பிந்திட்டன்" என்று வருகிறது. இந்த இழையைத் தொடங்கிய வாசகரே, உங்கள் கேள்விக்கு என்னால் சொல்லக்கூடிய நேரான பதில் இது.

2025 பெப்ரவரி 19

நடைபாதையைச் சூடாக்கிப் பனி உருக்கும் திட்டம் ரொறன்ரோவில் இருந்ததே என்று ஒருவர் நினைவூட்டினார். இருந்தது. 2017 ஒக்டோபரில் கூகிளின் சகோதரக் கொம்பனி சைட்வோக் லாப்ஸ் ஏரிக்கரையில் 12 ஏக்கரில் ஒரு நவீன நகரம் கட்ட வந்தது. சூடான நடைபாதை, தெருவெல்லாம் உணரிகள். சேரும் தரவு யார் கையில் என்று கேள்வி வந்தது. தனியுரிமைக்கு ஆலோசகராக இருந்த ஆன் கவூக்கியன் 2018 ஒக்டோபரில் விலகினார். 2020 மே மாதம் கொம்பனி திட்டத்தைக் கைவிட்டது.

அம்மாவை நினைத்தால் சூடான நடைபாதைக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பாருங்கள், வந்தது ஏரிக்கரைக்கு. விலகியது இரண்டரை வருடத்தில். கட்டி முடித்த பின் விலகியிருந்தால் அந்தச் சூட்டுக் குழாயை யார் திருத்துவது?

2025 மார்ச் 2

"திருத்துவது, திருத்துவது என்று ஏன் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்?" என்று கேட்டவருக்கு.

நான் தொழில் பழகியது கொக்குவிலில் மாமாவின் கராஜில், 1991 இல், 17 வயதில். பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வராது. கரண்ட் இல்லவே இல்லை. அப்படியும் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்ரின் ஏ40 காரும் ஓடின. மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. அதனால் ஒரு சின்னப் போத்தலிலிருந்து காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவோம். வெள்ளைப் புகை தெருவை மூடும். காஸ்கெற் வேண்டுமென்றால் மாமா தடித்த அட்டையில் பழையதை வைத்துக் கோடு கீறி வெட்டுவார். புஷ் தேய்ந்தால் லேத் பட்டறையில் கடைந்து வரும். இரவில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ பூட்டி பிபிசி தமிழோசை கேட்போம். சுற்றுகிற முறை எனக்கும் தம்பிக்கும் மாறி மாறி வரும். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும்.

எங்கள் கெட்டித்தனம் என்று இதைப் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான். ஆனால் அந்தப் பொருட்களின் குணத்தையும் பார்க்க வேண்டும். ஏ40 செய்த இங்கிலாந்துக்காரனுக்குக் கொக்குவில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவன் எங்களுக்காக எதுவும் செய்யவில்லை. ஆனால் அவன் செய்த காரை ஸ்பானரும் கண்ணும் இருந்தால் திறக்கலாம், திறந்தால் விளங்கும். எங்களைத் தடை செய்த அரசால்கூட அந்தக் காரை எங்களிடமிருந்து பூட்ட முடியவில்லை.

இன்றைய கார் ஒன்றை அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் கொண்டுபோய் விட்டால் ஒரு கிழமை ஓடாது.

2025 மார்ச் 9

கராஜில் நடந்ததைச் சொல்கிறேன். கொம்பனிப் பெயர் வேண்டாம். வீடு துப்புரவாக்கும் வேலைக்குப் போகும் ஒரு அக்காவின் கார், முன்விளக்கு உடைந்து வந்தது. புதியது விலை அதிகம் என்று, அதே மொடலில் அடிபட்டுக் கிடந்த காரிலிருந்து கழற்றிய விளக்கை வாங்கிப் பூட்டினேன். பொருந்தியது, வயர் சரி, எரியவில்லை. விளக்கோடு வரும் மொடியூல், "நான் வேறு காரின் விளக்கு" என்று நிற்கிறது. டீலரின் கொம்பியூட்டரில் ஏற்றி அறிமுகப்படுத்தினால்தான் எரியும். டீலரிடம் ஐந்து நாள் காத்திருப்பு. அந்த ஐந்து நாளும் அக்காவுக்குக் கார் இல்லை, பஸ்ஸில் போக முடியாத வீடுகள், வேலையும் இல்லை. விளக்குக்கும் உழைப்புக்கும் நான் கேட்ட காசைவிட அவர் இழந்த சம்பளம் கூட.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். 1996 முதல் அமெரிக்காவிலும் 1998 முதல் கனடாவிலும் வந்த எல்லாப் பெற்றோல் கார்களிலும், ஸ்டியரிங்குக்குக் கீழே, பழுது வாசிக்கும் கருவியைப் பூட்ட 16 முள் சொக்கெற் ஒன்று இருக்கிறது. எந்தக் கொம்பனிக் காராக இருந்தாலும் ஒரே வடிவம், புகை சம்பந்தமான பழுதுக் குறியீடு ஒரே மொழி. கலிபோர்னியா புகைக் கட்டுப்பாட்டுக்கென்று பிடிவாதமாக நின்றதால் வந்தது. அது இல்லாவிட்டால் என் போன்ற சின்னக் கராஜ் எல்லாம் 25 வருடத்துக்கு முதலே மூடியிருக்கும். விதி ஒன்று பூட்டைத் திறந்ததற்கு என் கை படும் சாட்சி அந்தச் சொக்கெற். இப்போது கொம்பனிகள் தகவலைச் சொக்கெற்றை விட்டுக் காற்றில் நேரே தங்கள் கணினிக்கு அனுப்புகின்றன. மசாசூசெற்ஸ் மக்கள் 2020 இல் வாக்கெடுப்பில் அந்தத் தகவலும் எங்களுக்கு வேண்டும் என்று, நாலில் மூன்று பங்குப் பேர், சொன்னார்கள்.

கனடாவில் 2024 நவம்பரில் சட்டமான சி-244 மசோதா பற்றிக் கேட்டிருந்தீர்கள். திருத்துவதற்காக மின்பூட்டை உடைத்தால் இனிப் பதிப்புரிமைக் குற்றம் இல்லை. நல்லது. ஆனால் சாவியையோ பாகத்தையோ கொம்பனி தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. பூட்டை உடைக்க உரிமை இருக்கிறது, சுத்தியல் இல்லை.

2025 மார்ச் 10

மின்குமிழ் கூட்டுச்சதி பற்றி நாலு பேர் இணைப்புப் போட்டிருக்கிறீர்கள். 1924 இல் ஒஸ்ராம், பிலிப்ஸ் போன்றவர்கள் ஜெனீவாவில் கூடி குமிழின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்கு இறக்கியதும், கூட எரியும் குமிழ் செய்தவருக்குத் தண்டம் போட்டதும் உண்மை. கனகாலம் எரியும் குமிழ் மங்கலாக எரியும், அதே வெளிச்சத்துக்குக் கரண்ட் கூடக் குடிக்கும் என்பதும் உண்மை. அதனால் 1,000 மணி என்ற எண்ணைவிட, தண்டம் போட்டதுதான் எனக்குக் குற்றமாகப் படுகிறது.

2025 மார்ச் 23

ரயிலுக்குத் திரும்புகிறேன். பழசுக்குப் பதில் என்ன வந்தது என்று கேட்டவர்களுக்கு. 2007 இல் மேயர் டேவிட் மில்லர் ஊரெங்கும் ட்ராம் வகைத் தடங்கள் அறிவித்தார். 2010 இல் ரொப் ஃபோர்ட் மேயராக வந்த அன்றே அந்தத் திட்டம் செத்தது என்றார். 2013 இல் சபை மூன்று நிலையச் சுரங்க ரயிலுக்கு வாக்களித்தது. 2016 இல் அது ஒரு நிலையம் ஆனது. பிறகு மாகாணம் எடுத்து மறுபடி மூன்று நிலையம், 7.8 கிலோமீற்றர் என்றது. தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். 2030 என்கிறார்கள். இந்த இழுபறியில் எந்தக் கார் கொம்பனியும் இல்லை. பழைய ரயில் சாகப் போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. "ஸ்காபரோவுக்கும் சுரங்க ரயில் வேண்டும்" என்று கை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன், 2010 இல். ட்ராம் என்றால் எங்களை இளக்காரம் செய்கிறார்கள் என்று அன்றைக்கு உண்மையாகவே நினைத்தேன். எவன் பாகம் செய்வான் என்று அப்போது நான் கேட்கவில்லை, கராஜில் தினமும் கேட்கிற நான்.

அந்த ட்ராம் வந்திருந்தால் மனைவி இப்போது அதில் போய்வந்துகொண்டிருப்பார்.

2025 ஏப்ரல் 6

பழைய பெட்டிகள் எங்கே போயின என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தது. தேடிப் பார்த்தேன். அவற்றில் ஒரு பகுதியை டெட்ராய்ட் வாங்கியிருக்கிறது. அங்கே பீப்பிள் மூவர் என்று டவுன்டவுனைச் சுற்றும் ஒரு வழிச் சின்ன ரயில், 1987 இல் திறந்தது, எங்களுடையதும் அதுவும் ஒரே யு.டி.டி.சி. வம்சம். அவர்களுக்கும் பாகம் கிடைக்காத பிரச்சினைதான்.

மாமாவின் கராஜுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஓடாத ஏ40 ஒன்று எப்போதும் நிற்கும். அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி மற்ற இரண்டு காரை ஓட வைப்பார். நான் 1998 இல் புறப்படும்போது அதில் கதவும் கூரையும் மட்டும் மிச்சம்.

அடுத்த மாதம் வின்சருக்கு ஒரு கலியாணத்துக்குப் போகிறோம். ஆற்றுக்கு அக்கரை டெட்ராய்ட். போய் ஒரு சுற்று ஏறி இருந்து பார்க்கலாம் என்று மனைவி சொல்கிறார். 18 வருடம் அந்தப் பெட்டியில் வேலைக்குப் போனவர். எந்தப் பெட்டி எங்களுடையது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன் என்கிறார்.